மூச்சை அடக்குங்கள்

ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு
சரக்கு லிஃப்டில் வந்திறங்கினாள்
பைன் மரத்துப் புனிதை.
ஸ்ட்ரெச்சரில் கிடத்தி
கழுத்துவரை மருத்துவமனைப் போர்வை.
பிறந்த தேதி இல்லாமல்
அடுத்த பக்கம் போக மறுத்தது கணினி.
ஆயிரத்து அறுநூற்று இருபத்துநான்கு என்று அடித்தேன்.
தவறான தகவல் என்றது.

லியோகாடியா கையுறை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
பாலென்சியாவுக்கு வடக்கே ஒரு கன்னியர் மடம்,
கூரை விழுந்து இரண்டு குளிர்காலம் நனைந்தவள்.
கையில் எதையோ பிடித்திருந்தாள், இப்போது இல்லை.
குருத்தோலை என்றால் கொல்லப்பட்டவள்.
லில்லி மலர் என்றால்
கடவுள் தொட்டதும் தன்னைத் தொலைத்தவள்.
விரல்கள் வளைந்திருக்கின்றன.
வளைவு இரண்டுக்கும் பொருந்துகிறது.

முகமும் அப்படித்தான்.
பாதி இறங்கிய இமை, மேலேறிய கருவிழி,
திறந்த வாய்,
உள்ளே எலும்பில் இழைத்த நான்கு பற்கள்.
பெயர்ப்பலகைக்கு அருங்காட்சியகம் ஒரு வரி கேட்கிறது,
வேதனையா பரவசமா,
செவ்வாய்க்கிழமைக்குள்.

வராந்தாவில் அப்போது அலறல்.
ஃபெர்மின், பன்றி ஏற்றும் லாரிக்காரர்,
சிறுநீரகக் கல்.
உயிருள்ளவருக்கு முதலிடம்;
புனிதையைச் சுவரோரம் தள்ளினேன்.
பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டேன்.
கேட்பது விதி.
பதினான்கு என்றார்,
ஆண்டவரே என்றார்.
ஊசி ஏறியது. இருபது நிமிடம்.
இமை பாதி இறங்கி, விழி மேலேறி,
வாய் அதே அளவு திறந்து
ஆண்டவரே என்றார் மறுபடி.
இரண்டு முறையும் படம் பிடித்திருந்தால்
எது ஊசிக்கு முன் எது பின் என்று
நான் சத்தியம் செய்யமாட்டேன்.

வெளியே தள்ளிப் போகையில் நிறுத்தச் சொல்லி
அந்தம்மாவுக்கு என்ன, என்றார்.
இனிமேல்தான் பார்க்கணும்.
பாவம், கல்லாகத்தான் இருக்கும்,
என்று அவள் போர்வையை இழுத்துவிட்டார்.

வளையத்துக்குள் போனாள்.
பதிவுசெய்த பெண்குரல்
எல்லோரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னது:
மூச்சை இழுங்கள். அடக்குங்கள்.
இத்தனை ஒழுங்காய் அடக்கிய நோயாளியை
பத்தொன்பது வருடத்தில் பார்த்ததில்லை.

திரையில் சீவல் சீவலாக அவள்.
நெஞ்சு வெறும் கூடு:
ஏழு இரும்பாணி,
பூச்சி குடைந்த சுரங்கங்கள்,
காலி செய்யப்பட்ட ஒரு குளவிக்கூடு.
மேலே. கழுத்து. தாடை.
லியோகாடியா என் தோளைப் பிடித்தாள்.

வாய் முதலில் உளி திறந்ததல்ல.
ஆற்றின் நடுவே பாறை கிடந்தாற்போல்
வருட வளையங்கள் அங்கே சுழித்து ஒதுங்கின.
மரம் நின்ற நாளில்
கிளை ஒன்று முறிந்த குழி.
பனியோ, இடியோ, யாரோ ஏறிய காலோ.
ஊறிய பிசின் இறுகி
எலும்பைவிட வெளுப்பாகத் தெரிந்தது.

கட்டையைக் கழித்துப் போடவில்லை அந்தத் தச்சன்.
வேறு வாங்கக் காசில்லையோ என்னவோ.
குழியைச் சுற்றி உதடு வைத்தான்,
உதட்டுக்குத் தக்க கன்னம்,
கன்னத்துக்குத் தக்க இமை.
பிறகு நானூறு வருடம்
பிள்ளை செத்தவர்களும் பிள்ளை பிறந்தவர்களும்
அந்த முறிவின் முன் மண்டியிட்டு
அவள் தமக்காகத்தான் வாய் திறந்தாள் என்று
எழுந்து போனார்கள்.

மெய்ம்மறந்தாள் என்கிறோம்.
மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை,
எதை மறந்தாள் என்று யாரும் கேட்பதில்லை.
மரத்துக்கு மறக்கும் வசதி இல்லை;
புண்ணை வைத்துக்கொண்டே
சுற்றி வளர்ந்துவிடுகிறது.

லியோகாடியா பலகைக்கு எழுதினாள்:
பைன். வாய் திறந்திருக்கிறது.
அடித்தாள். மறுபடி அதையே எழுதினாள்.

விடிகாலை ஐந்தேகாலுக்கு
பிளாஸ்டிக் கோப்பையை இரு கையாலும் ஏந்தி
வெறுங்காலோடு வந்தார் ஃபெர்மின்.
அடியில் பயறளவு கல்.
கண் நனைந்து பல்லெல்லாம் தெரிய
காவலாளிக்கும் காட்டினார், எனக்கும் காட்டினார்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
சுவரோரம் பார்த்தபடி,
அந்தம்மாவுக்கு இறங்கிவிட்டதா, என்றார்.